டைம் கீப்பர் அற்புதசாமியின் மூச்சு

அற்புதசாமி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர். பஸ்கள் வெளியேறும் வாயிலில் நின்று விசில் ஊதி, ஸ்ரீரங்கம் பஸ்ஸையும் பொன்மலை பஸ்ஸையும் நேரம் பார்த்து விரட்டுவது அவர் வேலை. பத்தொன்பது வருடமாக அதே இடம்.

வாகனங்களிலிருந்து வரும் நுண்தூசி மனிதனுக்குள் எவ்வளவு போகிறது என்று ஆராய்ச்சி செய்தவள் கலைமதி. ஒரு வருட ஆராய்ச்சிக்கு அவரையும் சேர்த்துக்கொண்டாள். இடுப்பில் சின்ன மெஷின் ஒன்றைக் கட்டி, அதன் குழாயைச் சட்டைக் காலரில் குத்திவிட்டாள். அவர் மூச்சிழுக்கும் காற்றை அதுவும் இழுக்கும். உள்ளே இருக்கும் வெள்ளை ஃபில்டர் சாயங்காலத்துக்குள் கறுத்துவிடும்.

“இவ்வளவும் டீசல் புகையாம்மா?” என்று முதல் நாள் கேட்டார்.

“புகை மட்டும் இல்லைங்கய்யா. பிரேக் தேயுற தூள், டயர் தூள், ரோட்டு மண்ணு எல்லாம் இருக்கு. ரொம்பப் பொடிசா இருக்கறது நுரையீரலைத் தாண்டி ரத்தத்துக்கே போயிடும்.”

“அப்ப என் ரத்தத்துலயும் பஸ் ஓடுதுன்னு சொல்லு” என்று சிரித்தார்.

மாதம் ஒருமுறை, நுரையீரலின் வலுவை முள்ளில் காட்டும் வேறொரு குழாயில் அவரை ஊதச் சொல்வாள். முதல் மாதம் முள் நானூற்றுப் பத்தில் நின்றது. ஒன்பதாம் மாதம் இருநூற்றுத் தொண்ணூறைத் தாண்டவில்லை. இப்படிக் குறைந்தால் உடனே சொல்லி டாக்டரிடம் அனுப்புவதாக அவரைச் சேர்த்த படிவத்தில் அவளே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

“எப்படிம்மா இருக்கு?”

“பரவாயில்லைங்கய்யா, நார்மல்தான்.”

அவர் முகம் மலர்ந்தது. “முதலாளி ஸ்ரீரங்கம் ஆபீஸுக்கு வரச் சொல்றாரு. உட்கார்ந்து போன் எடுக்கற வேலை. மாடி ஏறினா நெஞ்சை அடைக்குது, போயிடுங்கன்னு வீட்டுல அமலோற்பவமும் சொல்றா.”

ஆராய்ச்சிக்கு ஒத்துக்கொண்ட ஆறு பேரில் இரண்டு பேர் ஏற்கெனவே விலகியிருந்தார்கள். இன்னொருவர் போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று அவளுடைய கைடான பேராசிரியர் எச்சரித்திருந்தார்.

“இன்னும் மூணே மாசம் இருங்கய்யா. நீங்க போயிட்டா என் படிப்பே நின்னுடும்.”

அவரே எட்டாம் வகுப்போடு நின்றவர். மறுநாள், ஆபீஸுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்படி முதலாளியிடம் சொல்லிவிட்டார்.

பதினோராம் மாதம் ஒரு காலை, மூன்று பஸ்கள் எஞ்சினை அணைக்காமல் வரிசையில் உறுமிக்கொண்டிருந்தன. விசிலை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே மடங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது.

ஏழாம் நாள் கலைமதி எடமலைப்பட்டி புதூரில் அவர் வீட்டுக்குப் போனாள். துக்கம் கேட்கத்தான் போனாள். மெஷினைத் திரும்ப வாங்கவும் வேண்டியிருந்தது. அமலோற்பவம் அதைத் துடைத்து, துண்டில் சுற்றி வைத்திருந்தாள்.

“மாரடைப்புன்னு சொல்றாங்க. ஒரு பீடி குடிச்சதில்ல அவரு. உன் மெஷின்ல முன்னாடியே ஏதாச்சும் தெரிஞ்சுதா கண்ணு?”

“இல்லைங்கம்மா. எதுவும் தெரியல.”

அமலோற்பவம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அழாத. படிக்கிற பொண்ணு, என்னால பாதியில நிக்கக்கூடாதுன்னு சொல்லிட்டே இருப்பாரு. இப்ப அவரு எடத்துல என் தம்பி ரெஜிஸைத்தான் நிறுத்தியிருக்காங்க. அவனுக்கு மாட்டிவிடு.”

சுவரோரம் உட்கார்ந்திருந்த ரெஜிஸ் எழுந்து வந்தான். வேண்டாம் என்ற சொல் கலைமதியின் வாய்வரை வந்தது. ஆனால் கை பையைத் திறந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்தது.

“வயசு?”

“முப்பத்திரண்டுங்க.”

“மூச்சு வாங்கறது, நெஞ்சுவலி, ஏதாவது இருக்கா?”

“ஒண்ணும் கிடையாதுங்க. நல்லாத்தான் இருக்கேன்.”

“ரொம்ப நல்லது” என்று எழுதிக்கொண்டாள்.