ராகுகாலம் முடியட்டும்

பக்கவாதம் வந்து பிழைத்தவர்கள் தங்கள் அனுபவத்தை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டுமாம். தில்லை நகரில் இருக்கும் பிசியோதெரபி கல்லூரியிலிருந்து பேராசிரியை சுபஸ்ரீ ஸ்ரீரங்கத்துக்கே வந்து அழைத்தார். மலைக்கோட்டைக் கடைத்தெருவில் முப்பது வருஷம் பட்டுப்புடவை விற்ற வாய் என்னுடையது. இப்போது நான் பேசினால் என் மனைவி மகாலட்சுமி ஒருத்திக்குத்தான் புரியும். எழுதிக் காட்டலாமென்றால் வலது கையும் போயிற்று. அதனால் நான் சொல்வதை எடுத்துச் சொல்ல அவளும் மேடையில் உட்கார்ந்தாள்.

எனக்குச் சொல்ல இருந்தது ஒன்றே ஒன்று. அது ஒரு திங்கட்கிழமை காலை. டிபன் சாப்பிடும்போது கை விழுந்தது, வாய் கோணியது. ஹாலித் பாயின் ஆட்டோ வாசலில் வந்து நின்றுவிட்டது. மகாலட்சுமி காலண்டரைப் பார்த்தாள்.

"ராகுகாலம் முடியட்டும் பாய். இப்ப கெளம்பினா மனுஷன் வீடு திரும்ப மாட்டாரு."

எல்லாம் என் காதில் விழுந்தது. நாக்குதான் எழவில்லை. ஆஸ்பத்திரியில், குளித்துவிட்டு வந்து பார்த்தபோதுதான் விழுந்து கிடந்தார் என்று கூசாமல் சொன்னாள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் கையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். அன்றிலிருந்து நான் அந்தப் பேச்சை எடுத்தாலே மாத்திரையும் தண்ணீருமாக வந்து நிற்பாள்.

மைக்கை இடது கையில் பிடித்துக்கொண்டு சொன்னேன். வீட்டு மனிதர்கள் நேரத்தை மறைப்பார்கள், நம்பிவிடாதீர்கள், என்னை ராகுகாலம் முடியட்டும் என்று உட்கார வைத்தார்கள் என்றேன். பிள்ளைகள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் என் வாயோரத்து எச்சிலைத் துடைத்துவிட்டாள்.

"வீட்டுல உள்ளவங்க நேரத்தோட கொண்டு போனதாலதான் உயிரோட இருக்கேன்னு சொல்றாருங்க."

பாவி! மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். உங்களையெல்லாம் வாழ்த்துகிறார் என்றாள். முன்வரிசையில் ஒரு பெண் அதையும் எழுதிக்கொண்டாள்.

அதற்குமேல் பேசி என்ன ஆகப்போகிறது? மைக்கை மடியில் போட்டேன். இடது கையை நீட்டி அவளைக் காட்டினேன். விரலை எடுக்கவே இல்லை.

வகுப்பு முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. சுபஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கென்று வாங்கி வைத்திருந்த பொன்னாடையை மகாலட்சுமிக்குப் போர்த்தினார். மகாலட்சுமி என் பக்கம் திரும்பவில்லை. பொன்னாடையை இழுத்துப் பிடித்திருந்த அவள் கை நடுங்கியது.

நடுங்கட்டும்.