மன்னித்துவிட்டேன் என்ற வரி

நோட்டரி வக்கீலின் அலுவலகத்தில் அவள் இருபத்திரண்டு வருடமாகக் கிளார்க். மேஜைக்கு எதிரே வந்து உட்காருகிறவர்களிடம், "படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. சத்தியம் பண்ணப்போறது நீங்க, நான் இல்ல" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். அன்றைக்கு எதிர் நாற்காலியில் அவளே உட்கார வேண்டியிருந்தது.

அவளுடைய கடைசித் தம்பி மெக்கானிக். பட்டறையில் கூட்டாளியாக இருந்தவனே ஒரு வாய்ச்சண்டையில் அவனை ஸ்பானரால் அடித்துக் கொன்றுவிட்டான். தூக்கு என்று தீர்ப்பாகி, மேல்முறையீடும் தள்ளுபடியாகி, கருணை மனு ஒன்றுதான் மிச்சம். செத்தவன் வீட்டிலிருந்து யாராவது தூக்கு வேண்டாம் என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால் மனுவுக்கு பலம். அவள் சம்மதித்திருந்தாள். மாலை ஐந்து மணிக்குள் சேர்க்க வேண்டும். அதை எழுதிக்கொண்டு வந்தவர் அவள் போகும் சர்ச் சபையின் பாஸ்டர்.

அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். "'கண்ணீரோடும் புன்னகையோடும் அவனை முழுமனதாக மன்னித்துவிட்டேன்.' இது யாரு பாஸ்டர்?"

"நீங்கதான் அக்கா."

"நானா? எப்ப?"

பாஸ்டர் காகிதத்தை எட்டிப் பார்த்தார்.

"மேடையில சாட்சி சொல்ற மாதிரி எழுதிட்டீங்க. இது சத்தியக் கடுதாசி. இந்த வரிய அடிச்சுடுறேன்."

"அடிச்சா மனு படுத்துடும் அக்கா. மேல உள்ளவங்க முதல்ல தேடுறதே அந்த வரியத்தான். ஒரு உயிரு விஷயம்."

"உயிருக்காகத்தான் வந்திருக்கேன். பொய் சொல்ல வரல."

"அப்படிச் சொல்லு" என்று வாசலில் குரல் கேட்டது. அவளுடைய அண்ணன், ஓய்வுபெற்ற போலீஸ்காரர், சபையில் மூப்பரும்கூட. "மன்னிக்கலன்னா எதுக்கு இந்தக் கூத்து? எழுந்து வா வீட்டுக்கு."

"உக்காருங்கண்ணா. சண்டைய உக்காந்தே போடலாம்."

அவர் உட்காரவில்லை. "மனுசன் ரத்தத்தச் சிந்தினவன் ரத்தமும் சிந்தணும்னு நோவாகிட்ட சொன்னது யாரு? கடவுள்தான? அரசாங்கம் கையில வாளக் குடுத்ததும் அவருதான்."

"சிலுவையில பக்கத்துல தொங்கின கள்ளன நெனச்சுப் பாருங்க மூப்பரே" என்றார் பாஸ்டர்.

"நெனச்சேன். அவன யாரும் கீழ எறக்கிவிடல. தொங்கித்தான் செத்தான். பரலோகம் போனான், சரி. இவனும் போகட்டும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அண்ணனை மடக்குவது பாஸ்டரால் ஆகிற காரியமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"அண்ணா, சர்வீஸ்ல எத்தன வருசம் துப்பாக்கி வச்சிருந்தீங்க?"

"முப்பத்தொண்ணு."

"எத்தன பேரச் சுட்டீங்க?"

"ஒருத்தரையும் இல்ல. அதுக்கென்ன இப்ப?"

"அப்ப முப்பத்தொரு வருசமும் அத வீணாவா தூக்கிட்டுத் திரிஞ்சீங்க? வாளும் அப்படித்தான். கையில இருந்தா வெட்டியே ஆகணும்னு இல்ல. காயீன் கொன்னதும் சொந்தத் தம்பியத்தான். கடவுள் அவன வீட்ட விட்டுத் தொரத்தினாரு. ஆனா யாரும் அவனக் கொன்னுடக் கூடாதுன்னு அடையாளமும் போட்டுத்தான் அனுப்பினாரு."

"தம்பியக் குளிப்பாட்டினது நான்" என்றார் அண்ணன். குரல் இறங்கியிருந்தது. "தலையில எங்க எங்க அடின்னு உனக்குத் தெரியாது."

"தெரியாதுதான். கொன்னவன் பேரக் கேட்டா எனக்கு இன்னும் பல்லு நறநறங்குது. அவன் வெளிய வரவேணாம், ஆயுசுக்கும் உள்ளயே கெடக்கட்டும். ஆனா என் கோவத்துக்காக ஒருத்தர் போய் லீவர இழுக்கணுமா? அந்த வேலைக்குப் போறவனும் ஒரு வீட்டுப் பிள்ளதான?"

அவள் எழுந்து தன் நாற்காலிக்குப் போய், தானே தட்டச்சு செய்தாள். பாஸ்டர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார்: 'நான் இவனை இன்னும் மன்னிக்கவில்லை. என்றைக்காவது மன்னிப்பேன், அதற்கு எனக்குக் கட்டளை இருக்கிறது. அந்த நாளில் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே அவனைக் கொல்ல வேண்டாம்.'

"இத ஒத்துக்குவாங்களா அக்கா?"

"தெரியல. ஆனா இதுக்கு நான் கை தூக்கிச் சத்தியம் பண்ணுவேன்."

உள்ளறையிலிருந்து வக்கீல் வந்தார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார். "ரெண்டு சாட்சிக் கையெழுத்து வேணுமேம்மா."

"ஒண்ணு பாஸ்டர். இன்னொண்ணுக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரக் கூப்பிடுறேன் ஐயா."

"அவனுக்கு உன்ன என்ன தெரியும்?" என்றார் அண்ணன். வக்கீல் பக்கம் திரும்பினார். "சாட்சி போடுறது எதுக்கு? உள்ள எழுதியிருக்கிறதுக்கா, ஆளுக்கா?"

"ஆளுக்குத்தாங்க. கையெழுத்துப் போட்டது இவங்கதான்னு."

"அப்ப பேனாவக் குடுங்க. இது என் தங்கச்சிதான்னு மட்டும் போடுறேன். மத்தது எதுக்கும் நான் ஒத்துக்கல."

"ஒத்துக்கச் சொல்லலண்ணா. நல்லாப் படிச்சுட்டே போடுங்க" என்று அவள் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுக் காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் கடைசி வரிவரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மணி நாலேகால். அவள் வலது கையைத் தூக்கினாள்.