பொறி விழுந்த தூரம்

காரைக்கால்மேட்டில் ஹமீது பாயின் படகுப் பட்டறையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்தபோது, கருப்பையனைவிட அவனுடைய முழங்காலுக்குத்தான் சந்தோஷம். இருபத்திரண்டு வருஷம் இரும்புத் தகடு சுமந்த கால். போன மாசி மாதம் ஒருநாள் தகட்டோடு மடங்கி உட்கார்ந்தது. அதற்குப் பிறகு சுமைக்கு ஒத்துவரவில்லை.

ஹமீது பாய் வளைகுடாவில் கப்பல் பட்டறை ஒன்றில் பன்னிரண்டு வருஷம் இருந்தவர். அங்கே வெல்டிங், கட்டிங், கிரைண்டிங் எது நடந்தாலும் பக்கத்தில் ஒரு ஆள் வேறு எந்த வேலையும் செய்யாமல் நெருப்பை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பானாம். இங்கேயும் அப்படி ஒரு ஆளை வைத்துப் பார்ப்போம் என்று, மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிப் படகுகள் கரையேறிய வாரத்தில், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், இரண்டு வாளி மணல், ஒரு தண்ணீர்க் குழாய், தீயணைக்கிற சிவப்பு சிலிண்டர் ஒன்று எல்லாம் கொடுத்துக் கருப்பையனை உட்காரவைத்தார். தடைக்காலம் முடிந்த பிறகும் இந்த ஆள் வேண்டுமா வேண்டாமா என்பதை அப்போது சொல்வதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டால் இந்தக் காலை வைத்துக்கொண்டு வேறு எங்கே போவது என்று கருப்பையனுக்குத் தெரியவில்லை.

வெல்டர் தெட்சிணாமூர்த்திக்கு இது நல்ல வேடிக்கை. பொறி மேய்க்கிறவர் என்று பேர் வைத்துவிட்டான். சாயங்காலம் முகமூடியைக் கழற்றும்போதெல்லாம், இன்றைக்கு எத்தனை பொறி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது என்று விசாரிப்பான்.

பட்டறைச் சுவரில் பாய் ஒரு பலகை மாட்டியிருந்தார். கருப்பையன் எழுத்துக் கூட்டி அதைப் படித்தான். வேலை நடக்கும் இடத்திலிருந்து முப்பத்தைந்து அடிக்குள் எரியும் சாமான் எதுவும் இருக்கக் கூடாது. வேலை முடிந்த பிறகும் அரை மணி நேரம் இருந்து பார்க்க வேண்டும். ஒரு மாசம் இதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் இரண்டு கேள்விகள் அவன் மண்டைக்குள் ஏறிக்கொண்டன. முப்பத்தைந்து என்று எவன் அளந்தான்? நெருப்பை அணைத்த பிறகு அரை மணி நேரம் எதைப் பார்ப்பது?

மூர்த்தியைக் கேட்டான். எழுதினவனைப் போய்க் கேட்கச் சொன்னான். எழுதின பாயைக் கேட்டான். அவரோ, அங்கே அப்படித்தான் போட்டிருந்தது, தானும் கேட்டதில்லை என்றார்.

பொறிகள் பறக்கும்போது பார்த்தால் பாதி வழியிலேயே செத்துப்போவது போலத்தான் தெரிந்தது. செத்தது எங்கே விழுகிறது? உடைந்த ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து காந்தத்தைக் கழற்றி, பாலித்தீன் பையில் சுற்றி, வேலை முடிந்த அரை மணி நேரத்தில் மணல்மேல் இழுத்துக்கொண்டு நடந்தான். காந்தத்துக்குத் தாடி முளைத்ததுபோல் கறுப்புத் தூள் ஒட்டியது. பத்தடியில் ஒட்டியது. ஐம்பதடியில் ஒட்டியது. அலை நனைக்கிற இடத்திலும் ஒட்டியது. பொறி கடல்வரைக்கும் போகிறது என்று பட்டறை முழுக்கச் சொன்னான்.

மூர்த்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இந்தக் கரையில் கறுப்பு மணல் கிடக்கிறது, அது எப்போதுமே காந்தத்தில் ஒட்டும், சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

"நீங்க சொல்றதப் பாத்தா திருவேட்டக்குடி வரைக்கும் நான்தான் வெல்டிங் வச்சிருக்கேண்ணே" என்றான்.

இரண்டு நாள் கருப்பையன் காந்தத்தை வெளியே எடுக்கவில்லை. மூன்றாம் நாள் வீட்டில் பெண்டாட்டி ராசாத்தி உளுந்து கொழித்துக்கொண்டிருந்தாள். முறத்தைச் சாய்த்து மெல்லத் தட்டினாள். உருண்டை உளுந்து கடகடவென்று கீழே ஓடிவந்தது. கல் மட்டும் மேலேயே நின்றது. மனுஷன் சாப்பாட்டுத் தட்டில் கைவைக்காமல் முறத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, உளுந்தைப் பார்த்ததே இல்லையா என்று கேட்டாள்.

"பொறி உருண்டையா இருக்குமா புள்ள?"

"என்னையக் கேட்டா? உருகித் தெறிக்கிறது உருண்டையாத்தான் இருக்கும். மழைத்துளி மாதிரி."

மறுநாள் வீட்டிலிருந்து ஒரு சில்வர் தட்டைக் கொண்டுபோனான். காந்தத்தில் ஒட்டியதைத் தட்டில் உதறி, சாய்த்துத் தட்டினான். மணல் நின்றது. அதற்குள்ளிருந்து கேழ்வரகைவிடச் சின்னதாக, கன்னங்கரேலென்று, ஏழெட்டு மணிகள் விளிம்புக்கு உருண்டு வந்தன. பொறி செத்தால் மணியாகிறது. கருப்பையனுக்கு அன்று முழங்கால் வலியே தெரியவில்லை.

அதிலிருந்து தினமும் கடைசி மணி கிடைத்த இடத்தில் ஒரு கிளிஞ்சலைக் குத்திவைத்துவிட்டு, அங்கிருந்து படகுவரை அடிமேல் அடி வைத்து அளப்பான். யாரிடமும் சொல்லவில்லை. கீழே வைத்து கிரைண்டர் போட்டால் இருபதடி, இருபத்தைந்தடி. படகின் மேல்தளத்தில் வைத்துக் கேஸ் கட்டிங் செய்தால் கதையே வேறு. பத்தடி உயரத்திலிருந்து விழுகிற மணி பெரிதாகவும் இருந்தது, தூரமும் போனது. இன்னொன்றையும் கண்டுபிடித்தான். காலையில் காற்று ஊர்ப்பக்கமிருந்து அடிக்கிறது, மணிகள் கடல்பக்கம் கிடக்கின்றன. மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும்புகிறது, அதற்குப் பிறகு எல்லாம் ஊர்ப்பக்கம். அவனுடைய ஸ்டூலும் வாளியும் ஈரச் சாக்குத் தடுப்பும் காலையில் கடல்பக்கம் வைத்தது வைத்தபடியே பொழுது சாயும்வரை இருந்தன. காலையில் வேலை தொடங்கும்போது வைப்பதுதான் வழக்கம். காற்று திரும்பியதும் யாரும் நகர்த்தியதில்லை.

தடை முடிய நாலு நாள். சோமசேகரன் என்பவருடைய இரும்புப் படகு மட்டும் பாக்கி. படகுக்காரர் காலையிலிருந்து வந்து தலைமேல் நிற்கிறார். மதியம் மூர்த்தி மேல்தளத்தில் வலை இழுக்கிற பழைய வின்ச் மேடையை கேஸால் அறுத்து எடுத்துவிட்டு, டீக்கு இறங்கினான். கருப்பையன் அந்த நேரத்தில் காந்தத்தோடு ஊர்ப்பக்கம் நடந்தான். நாற்பதடியில் மணி. நாற்பத்தைந்தில் மணி. ஐம்பதாவது அடியில், சோமசேகரனின் வலையும் தேங்காய்நார்க் கயிறும் சாக்குப் போட்டு மூடிக் குவித்திருந்த இடத்தின் ஓரத்திலேயே, தட்டைச் சாய்த்தால் மூன்று மணிகள் உருண்டன.

குவியலைச் சுற்றிப் பார்த்தான். புகை இல்லை, வாசனையும் இல்லை. கடல்காற்று எல்லாவற்றையும் ஊருக்குள் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

மூர்த்தி டீ குடித்துவிட்டு மிச்சத்தை அறுக்க வந்தபோது கேஸ் சிலிண்டரைத் திறக்கிற சாவியைக் காணோம். அது கருப்பையனின் மடியில் இருந்தது. வலையை நகர்த்தும்வரை தர முடியாது என்றான்.

"பலகைய தினம் படிக்கிற ஆளு நீங்கதானே? முப்பத்தஞ்சு அடிதானே போட்டுருக்கு? இது அம்பதுண்ணே."

"அம்பதுலயும் கெடக்கு மூர்த்தி."

"அன்னிக்குக் கடல்ல கெடந்துச்சு."

சோமசேகரன் கத்தத் தொடங்கினார். அந்தக் குவியலைக் கட்டி அடுக்க நாலு பேருக்கு அரை நாள் ஆனது, மறுபடி யார் அடுக்குவது என்று கேட்டார். சத்தம் கேட்டு ஹமீது பாய் வந்தார். குவியலுக்குள் ஒன்றும் இல்லையென்றால் இரண்டாவது தடவையும் சிரிப்பார்கள். நாலு நாள் கழித்து பாய் சொல்லப்போகிற பதிலும் இப்போதே முடிவாகிவிடும். கருப்பையன் தட்டைப் பாயின் கையில் கொடுத்து, சாய்க்கச் சொன்னான். பாய் சாய்த்தார். மணிகள் உருண்டன. மறுபடி சாய்த்தார். படகைப் பார்த்தார். குவியலைப் பார்த்தார்.

"பிரிச்சுடுவோம்" என்றார். "ஒண்ணும் இல்லைன்னா நானே நின்னு அடுக்கித் தர்றேன்."

முதல் சாக்கில் ஒன்றுமில்லை. வலையில் ஒன்றுமில்லை. மூர்த்தி கருப்பையனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். அடியில் கிடந்த நார்க் கயிற்றுச் சுருளின் மேலிருந்த சாக்கில் கடுகு போகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது, ஓரம் கறுத்து. அந்தச் சாக்கைத் தூக்கியதும் காற்று உள்ளே போனது. உள்ளங்கை அகலத்துக்கு நார் செக்கச்செவேலென்று கண்ணைத் திறந்தது.

கருப்பையன் குழாயைத் திறந்தான். புஸ்ஸென்று வெள்ளைப் புகை கிளம்பியது. ஊற்றிக்கொண்டே சுருளைப் பிரித்துப் பிரித்து, கையை விட்டுப் பார்த்து, சூடு இல்லை என்று தெரிந்த பிறகுதான் நிறுத்தினான்.

சோமசேகரன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய மொத்த வலையும் அங்கேதான் இருந்தது.

"அல்லாஹ் காப்பாத்துனான்" என்றார் பாய், மெல்ல. "நான் அறுத்து முடிச்சு நாப்பது நிமிஷம் ஆச்சு பாய்" என்றான் மூர்த்தி. அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

நாற்பது நிமிஷம். நாருக்கு அரை மணி நேரம் போதாது என்று கருப்பையன் மனதுக்குள் குறித்துக்கொண்டான். மடியிலிருந்து சாவியை எடுத்து நீட்டினான். மூர்த்தி சாவியை வாங்கிக்கொண்டு, தட்டையும் வாங்கி, தானும் ஒரு தடவை சாய்த்துப் பார்த்தான். பிறகு வாளிகளைத் தூக்கி ஊர்ப்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு ஏணியில் ஏறினான்.

ஹமீது பாய் ஸ்டூலைத் தானே எடுத்துவந்து கிளிஞ்சல்களுக்குப் பக்கத்தில் போட்டார். பலகையில் எத்தனை அடி என்று மாற்றி எழுதலாம் என்று கேட்டார். கருப்பையன் காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பினான். இது வைகாசிக் காற்று.

"ஆடிக் காத்துல எம்புட்டு தூரம் போவும்னு தெரியலையே பாய்."

"ஆடியில அளந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார் பாய்.