எடைக்குப் போட்ட ஆள்

போன் அடித்தபோது லெமார் ஹஸ்கின்ஸ் ஐஸ் தொட்டியில் இடுப்பு மூழ்க உட்கார்ந்திருந்தான். மணி ஒன்று ஐம்பது. கூடைப்பந்து அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ள அன்று மூன்று மணிவரைதான் கெடு. அதன் பிறகு சீசன் முடியும்வரை இருந்த இடத்தில் கிடக்க வேண்டியதுதான்.

அழைத்தது மார்வா. பதினோரு வருடமாக அவனுடைய ஏஜென்ட்.

"சான்டியாகோ போறடா. பூன்கூட சேர்த்து உன்னையும் எடுக்கறாங்க."

சான்டியாகோ அந்த வருடம் கோப்பை வாங்கும் என்று எல்லோரும் சொன்ன அணி. லெமார் ஆடிய லூயிவில் அந்த வருடம் பதினான்கு ஆட்டம்தான் ஜெயித்திருந்தது. லெமாருக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு மூச்சு விடும் நேரம்.

"என்னை எதுக்குக் கேட்டாங்க?"

மார்வா பொய் சொல்லத் தெரியாதவள். "கேக்கல. கணக்குக்கு வேணும். அவங்க அஞ்சு கோடியே ஆறு லட்சம் டாலர் சம்பளத்துக்கு ரெண்டு பேரை அனுப்பறாங்க. பூன் சம்பளம் மூணு கோடியே எம்பது லட்சம். அவனை மட்டும் குடுத்துட்டு நம்மாளுங்க அவ்வளவு பெரிய சம்பளத்தை உள்ள எடுக்க விதி விடாது. உன் ஒரு கோடியே இருபது லட்சத்தையும் சேர்த்தா சரியா நிக்குது."

எடைக்கல். காய்க்காரன் தட்டில் தூக்கிப் போடுகிற இரும்பு.

டெவிரிக் பூனும் லெமாரும் ஒரே நாளில் லீக்குக்குள் வந்தவர்கள். புது ஆட்களை வரிசையாக எடுக்கும் அந்த நாளில் லெமார் பதினோராவது பெயர், பூன் பன்னிரண்டாவது. "அவன் எனக்குப் பின்னாடி வந்தவன்" என்று லெமார் பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் பூனிடம் கையெழுத்து வாங்கப் போனார்கள். இரண்டு வருடமாக இருவரும் ஒரே அணியில். பூன் ஆடினான், அவன் மூச்சு வாங்கும் பத்து நிமிடம் லெமார் ஆடினான்.

"ஒரு சிக்கல்" என்றாள் மார்வா. "உன் ஒப்பந்தத்துல டிரேட் போனஸ் இருக்கு. வேற அணிக்கு மாத்தினா பதினஞ்சு சதவீதம், பதினெட்டு லட்சம். அது சான்டியாகோ கணக்குல ஏறும். அவங்க ஏற்கனவே வரம்பைத் தாண்டினவங்க. அனுப்பறதுக்கு மேல ஒரு டாலர் வாங்கக்கூடாது. பன்னெண்டு லட்சம் இடிக்குது. அதை மட்டும் நீ விட்டுக்குடு. மிச்சம் ஆறு லட்சம் உனக்கு வரும்."

"பூனுக்கும்தான் அதே போனஸ் இருக்கு. அவன் விடட்டும்."



"அவனோடது வெறும் காகிதம்டா. அவன் வாங்கறது விதி அனுமதிக்கிற உச்ச சம்பளம். அதுக்கு மேல போனஸ்னு ஒரு காசு ஏறாது. சும்மா எழுதி வெச்சிருக்காங்க."

தொட்டியின் குளிர் அப்போதுதான் உறைத்தது லெமாருக்கு. போன வருடம் ஒரு நாள் உடை மாற்றும் அறையில் பூன் காலை நீட்டிக்கொண்டு, "என்னை எவனாவது மாத்தினா பதினஞ்சு சதவீதம் வைக்கணும்டா" என்று பீற்றினான். அடுத்த வாரம் லெமாரின் புது ஒப்பந்தப் பேச்சு. அதே போனஸ், அதே பதினைந்து எனக்கும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். அப்படியானால் நான்காவது வருடம் கிடையாது என்றது அணி. சரி என்றான். ஒரு வருடச் சம்பளத்தைக் கொடுத்து அவன் வாங்கியது பூனிடம் இல்லவே இல்லாத ஒன்று.

"யோசிச்சு சொல்றேன்."

"யோசிக்க என்னடா இருக்கு? கோப்பை ஜெயிச்சா சாம்பியன் மோதிரம்டா!"

இரண்டு இருபதுக்குப் பூனே வந்தான். துண்டைத் தரையில் போட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டான்.

"மாப்ளே, ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

"உனக்கென்ன, சொல்லிட்டே. பன்னெண்டு லட்சம்டா."

"நானே குடுத்துடுவேன். வெளியே தெரிஞ்சா லீக் ரெண்டு பேரையும் தொங்க விட்டுடும். இல்லேன்னா இன்னேரம் உன் கணக்குல விழுந்திருக்கும்."

பெருமையாகச் சொல்லியிருந்தால் லெமாரால் தாங்கியிருக்க முடியும். ஹோட்டலில் டிப்ஸ் வைப்பவன் மாதிரி, நல்ல மனதோடு சொன்னான்.

"எனக்கு முப்பத்திமூணு வயசாச்சு லெமார். இதான் எனக்குக் கடைசி வாய்ப்பு."

"எனக்கும் முப்பத்திமூணுதான்."

"அதான் சொல்றேன். சேர்ந்தே போவோம்."

சேர்ந்தே. அங்கேயும் அவன் மூச்சு வாங்கும் பத்து நிமிடம். கோப்பை ஊர்வலத்தில் பஸ்ஸின் முன்னால் அவன், பின்னால் இவன். கையெழுத்துப் போடாவிட்டால் இரண்டு பேரும் இங்கேயே கிடந்து அழுகலாம். அந்த நினைப்பு லெமாருக்கு இனித்தது. தன் ஒரு கண் போனாலும் அவனுக்கு இரண்டும் போகட்டும் என்கிற இனிப்பு.

"உழைச்ச காசு. விட முடியாது" என்றான்.

பூன் அவனை உற்றுப் பார்த்தான். "காசுதானா?"

"வேற என்ன?"

பூன் துண்டை எடுத்துக்கொண்டு போனான். இரண்டரைக்கு லெமார் மார்வாவுக்குச் செய்தி அனுப்பினான்: முடியாது. அவள் ஏழு முறை அழைத்தாள். எடுக்கவில்லை. உடம்பைத் துடைத்து, சட்டை மாட்டி, உடை மாற்றும் அறையில் டிவிக்கு எதிரே போய் உட்கார்ந்தான். பூனின் முகம் விழுவதைப் பார்க்க வேண்டும்.

இரண்டு ஐம்பத்தாறுக்கு டிவியில் செய்தி ஓடியது. பூன் சான்டியாகோ போகிறான். கூட டோபி கிரான்ஸ்டன்.

லெமார் இரண்டு முறை படித்தான். கிரான்ஸ்டன் முழங்கால் போய் ஒரு வருடமாகக் கோட்டு சூட்டோடு லூயிவில் பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருப்பவன். அவன் பேச்சை யாரும் காதில் வாங்குவதில்லை. லெமார் அவனோடு பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். அவனுடைய சம்பளம் ஒரு கோடியே இருபத்திரண்டு லட்சம். போனஸ் கிடையாது. போனஸ் கேட்கவே அவனுக்குத் தோன்றியிருக்காது.

மார்வாவின் அழைப்பை இப்போது எடுத்தான்.

"நொண்டியை எப்படி எடுத்தாங்க?"

"அவங்களுக்கு ஆள் தேவையில்ல, எண்தான் தேவை. நீ பத்து நிமிஷமாவது ஆடுவேன்னு உன் எண்ணை முதல்ல பாத்தாங்க."

"அப்போ என் பதினெட்டு லட்சம்?"

"மாத்தினாத்தான்டா போனஸ். உன்னை யாரு மாத்தினா?" என்று போனை வைத்துவிட்டாள்.

மூன்றே காலுக்கு கிரான்ஸ்டன் ஷூக்களை எடுத்துப்போக நொண்டிக்கொண்டே வந்தான். அழுதிருந்தான். லெமாரைக் கட்டிப்பிடித்தான்.

"நீ எனக்காக இடத்தை விட்டுக்குடுத்தேன்னு பூன் சொன்னாண்ணே. இத நான் சாகறவரைக்கும் மறக்க மாட்டேன்."

"அவன் சொன்னானா?"

"ஆமாண்ணே. அங்க வெயிலாமே. கடல் எல்லாம் இருக்குமாமே."

லெமார் அவன் முழங்காலைப் பார்த்தான். வீங்கி, பட்டை கட்டி, ஒன்றுக்கும் உதவாத முழங்கால். பத்து வருடத்தில் முதல் தடவையாகப் பூன் நினைப்பை விட்டு, வேறொருவன் நாசமாகப் போகவேண்டும் என்று நினைத்தான்.