தேவமணி டீச்சரின் கண்கள்

"தாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க அண்ணாச்சி. ஆங், அப்படியே. ஒங்க கை படத்துல விழாமப் பாத்துக்கோங்க" என்று கறுப்புத் துணிக்குள்ளிருந்து பொன்ராஜ் சொன்னான்.

செல்வநாயகம் மனைவி தேவமணியின் தாடைக்கு அடியில் விரலைக் கொடுத்து நிமிர்த்தினார். விடியற்காலையில் அடங்கிய உயிர். குளிப்பாட்டி, வெள்ளைச் சேலை உடுத்தி, நாற்காலியில் சாய்த்துக் கட்டியிருந்தார்கள். நேற்றுவரை காய்ச்சலில் கொதித்த தொண்டை இப்போது பானைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. அந்தக் குளிர்ச்சியை அவரால் தாங்க முடியவில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

படம் எடுத்து முடித்த பொன்ராஜ் துணியை விலக்கி வெளியே வந்தான். பழக்கதோஷம், "கண்ணு நீங்களே தொறந்துக்கிடுவீகள்ல?" என்று கேட்டுவிட்டான். கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்டோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு காமிராவின் காலை மடக்க ஆரம்பித்தான்.

அவனையும் குறை சொல்வதற்கில்லை. சிவகாசியில் அப்போதெல்லாம் உயிரோடிருக்கும்போது படம் எடுத்துக்கொண்டவர்கள் ரொம்பக் கொஞ்சம். ஆள் போன பிறகுதான் வீட்டாருக்கு அந்த நினைப்பே வரும். ஓடிப்போய்ப் பொன்ராஜைக் கூட்டி வருவார்கள். ஆனால் மூடிய கண்ணோடு ஒரு படத்தை எந்த வீட்டுச் சுவரில் மாட்டுவது? அதனால் படம் செல்வநாயகத்திடம் வரும். பகலெல்லாம் லித்தோ பிரஸ்ஸில் தீப்பெட்டிக்கும் வெடிக்கட்டுக்கும் லேபிள் வரைகிற மனுஷன், சாயங்காலம் மெல்லிய பிரஷ்ஷை நனைத்துச் செத்தவர்களுக்குக் கண் திறந்துவிடுவார்.

ஒரே ஒரு சங்கடம், வருஷக்கணக்காகக் காலண்டர் லட்சுமியை வரைந்து பழகிய கை அது. லோடு ஏற்றுகிற மொக்கைச்சாமி ஊரறிந்த முரடர். அவருக்கும் செத்த பிறகு லட்சுமியின் கண் வந்து அமைந்துவிட்டது. அவர் சம்சாரம் படத்தை வெகுநேரம் பார்த்தாள். "இந்தப் பார்வைய உசுரோட இருக்கையில ஒருநா பாத்திருந்தா எம்புட்டு நல்லா இருந்திருக்கும்!" என்று பெருமூச்சு விட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

அவள் தெருமுனை திரும்பும்வரை தேவமணி சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஊர்ல போனவுகளுக்கெல்லாம் ஒரே கண்ணுதானா? நாளைக்கு எனக்கும் இதத்தான் வைப்பீகளோ?"

"வாயக் கழுவு மொதல்ல" என்று அவர் அதட்டினார்.

இப்போது அந்த நாள் வந்தே விட்டது. காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. ஒரே மகள் செல்வமணி வேலூரில் நர்ஸ் படிக்கிறாள். "பரிச்சை நேரம், பிள்ளைக்குச் சொல்லாதீக" என்று தேவமணிதான் தடுத்து வைத்திருந்தாள். தந்தி விடிந்த பிறகுதான் போனது.

"பிள்ள வர்ற வரைக்கும் வச்சிருக்க முடியாதாக்கா?" என்று செல்வநாயகம் தன் அக்கா ஞானதீபத்திடம் கேட்டார். சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரிதான் இருந்தது.

"சித்திரை வெயிலுப்பா. எப்படி வைக்க? அவ நாளைக்குக் காலைல ரயிலுக்குத்தான் வந்து சேருவா." ஞானதீபம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவ வந்து நிக்கையில அம்மா முகம்னு ஒண்ணு இந்த வீட்டுல இருக்கணும்லே. நீ அதப் பாரு. கண்ணு மூடுன படத்தக் கொண்டுபோயிப் பிள்ளகிட்ட நீட்டிராத. அவ அம்மா அவளப் பாக்கணும்."

அந்த வார்த்தை அவருக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. கோயில் மணி அடித்தபோதும், பெட்டியை மூடியபோதும், கல்லறைத் தோட்டத்தில் போதகர் ஜெபம் பண்ணியபோதும் அது ஒன்றுதான் ஓடியது. மகள் வருவதற்குள் தேவமணியைக் கண் விழிக்க வைக்க வேண்டும்.

வீட்டில் வேறு படமும் கிடையாது. கலியாணப் படம் ஒன்று உண்டு. அதில் மணப்பெண்ணின் முக்காடு மூக்குவரை இறங்கியிருக்கும்.

சாயங்காலம் பொன்ராஜ் படத்தைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தான். செல்வநாயகம் ஜன்னலோரம் உட்கார்ந்து, மூடிய இமைமேல் வழக்கம்போல் மேல்கோடு ஒன்று இழுத்தார், கருவிழியை வைத்தார், வெளிச்சத்துக்கு ஒரு வெள்ளைப் புள்ளியும் வைத்தார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார். தேவமணியின் மூக்குக்கு மேலே லட்சுமி உட்கார்ந்துகொண்டு ஊருக்கே அருள் பாலித்துக்கொண்டிருந்தாள். ஈரப் பஞ்சால் துடைத்தார். மறுபடி போட்டார். மறுபடியும் அவளே; அதையும் துடைத்தார். கண்ணை மூடித் தேவமணியின் கண்ணை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். சிரிப்பு வந்தது, குரல் வந்தது, கண் வரவில்லை.

"போதும் தம்பி, எந்திரி. கண்ணு எரிஞ்சுபோகும்" என்று அக்கா பிரஷ்ஷைப் பிடுங்கி வைத்துவிட்டுப் படுக்கச் சொன்னாள்.

மறுநாள் கிழக்கு வெளுத்ததும் அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய தாள்கட்டை இழுத்தார். பிரஸ்ஸில் கழித்துப் போடுகிற தாள்கள். முன்பக்கம் கிளியும் சேவலும் மயிலும் வரிசை வரிசையாகத் தீப்பெட்டி லேபிள்கள். பின்பக்கம் தேவமணி. கலியாணமான புதிதிலிருந்து அவளுக்குத் தெரியாமல் கிறுக்கி வைத்தவை. பார்த்துவிட்டாளானால் தொலைந்தது, "என்னையத் தீப்பெட்டில ஒட்டப் போறீகளா?" என்று பென்சிலைப் பிடுங்கிவிடுவாள்.

இதில் ஒன்றிலாவது அந்தக் கண் இருக்கும். ஆசையாக ஒவ்வொன்றாகப் புரட்டினார். அரிசியில் கல் பொறுக்கினாள், குனிந்திருந்தாள். பரிட்சைத் தாள் திருத்தினாள், குனிந்திருந்தாள். அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள், மீன் ஆய்ந்தாள், வேதப்புத்தகம் வாசித்தாள். கட்டு முடிந்துவிட்டது. ஒரு தாளில்கூட அவள் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

எப்படிப் பார்ப்பாள்? நிமிர்ந்தால்தான் பென்சிலைப் பிடுங்கிவிடுவாளே! தாள்களைத் தரையில் பரப்பிவிட்டு நடுவில் உட்கார்ந்து செல்வநாயகம் வாய்விட்டு அழுதார். நேற்றெல்லாம் வராத அழுகை.

அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு தாள்களைக் கட்ட எடுத்தபோதுதான் கவனித்தார். எல்லாமே கீழே இறங்கிய இமைகள்தான். ஆனால் ஒன்று மாதிரி ஒன்று இல்லை. கல் பொறுக்கும்போது இமை இழுத்துக் கட்டினாற்போல் நின்றது. பரிட்சைத் தாளில் தப்பு அகப்பட்டபோது ஓரத்தில் ஒரு சிரிப்பு மடிந்திருந்தது. ஊசியில் நூல் கோக்கும்போது இடது இமை மட்டும் ஒரு இழை தாழ்ந்திருந்தது. பொன்ராஜ் எடுத்த படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அது விழுந்து கிடக்கிற இமை. இவையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிற இமைகள். அவருடைய மனைவி நாளெல்லாம் எதையாவது பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். ஐயோ, இந்தக் கண்ணையா தெரியாது என்று தேடினோம்!

கண் திறக்கிற மெல்லிய பிரஷ்ஷை ஓரமாக எடுத்து வைத்தார். புதுத் தாள் ஒன்றைப் பலகையில் குத்திப் பென்சிலை எடுத்தார். கை தானாக ஓடியது. லட்சுமி அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. நெற்றி, மூக்கு, தாழ்ந்த இமைகள், தோள். மடிக்கு வந்ததும்தான் கை நின்றது. எதைப் பார்க்கிறாள்? கல் பொறுக்குகிற சுளகை வைத்தாலும் சரி, பரிட்சைத் தாளை வைத்தாலும் சரி, போனவளுக்கு மறுபடியும் வேலை கொடுப்பதுபோல் இருந்தது. அடிப்பக்கத்தை வெறுமனே விட்டுவிட்டுப் பலகையைக் கட்டில்மேல் சுவரில் சாய்த்து வைத்தார்.

ஞானதீபம் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏலே, அம்புட்டுச் சொல்லியும் கண்ணத் தொறக்காம வச்சிருக்கியே!"

"தொறந்துதான் இருக்குக்கா."

"என்னத்தத் தொறந்துச்சு? பிள்ள வந்து பாத்தா என்ன நெனைக்கும்?"

அதற்குள் வாசலில் குதிரைவண்டி நின்றது. ஸ்டேஷனுக்குப் போயிருந்த பொன்ராஜ் பெட்டியை இறக்க, செல்வமணி இறங்கி ஓடி வந்தாள். அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஒரு வார்த்த எழுதியிருக்கலாம்லப்பா, ஓடி வந்திருப்பேன்ல" என்று அவர் நெஞ்சில் குத்தினாள். அவர் குத்தட்டும் என்று நின்றார்.

பிறகுதான் அவள் கட்டில்மேல் இருந்த படத்தைப் பார்த்தாள். கிட்டே போனாள். செல்வநாயகம் அவள் முகத்தையே பார்த்தார். ஆஸ்பத்திரியில் மூடிய கண்களை நிறையப் பார்த்திருக்கக்கூடிய பிள்ளை அவள்.

"அம்மா முழிச்சுத்தான் இருக்கா" என்றாள்.

ஞானதீபம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆனா தல சரியில்லப்பா. இன்னும் கொஞ்சம் சாய்ச்சிருப்பா, இந்தப் பக்கமா."

"எப்பம்மா?"

"காலைல எனக்குத் தல பின்னி விடும்போது. நீங்க எங்க பாத்தீக? அந்நேரத்துக்குப் பிரஸ்ஸுக்குப் போயிருவீகளே."

பரப்பிக் கிடந்த தாள்களை அவர் திரும்பிப் பார்த்தார். ஆமாம், அது ஒன்று இல்லை.

செல்வமணி கட்டிலை ஒட்டித் தரையில் படத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். ரயில் கரி படிந்த சடையைப் பிரித்துத் தோளில் விட்டாள். அம்மாவின் தாழ்ந்த இமைகள் அவள் உச்சந்தலைக்கு மேலே வந்தன.

"இம்புட்டு ஒசரந்தான் இருப்பேன். வரைங்கப்பா" என்று சொல்லும்போதே குரல் உடைந்து தோள் குலுங்கியது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆடாம இரும்மா" என்றார் செல்வநாயகம்.

கட்டிலில் ஏறிப் பலகைக்கு முன்னால் மண்டியிட்டு, வெறுமனே விட்டிருந்த இடத்தில், முதல் கோடாக மகளின் வகிட்டை இழுத்தார்.