ஏலம் கூறிய ஈறு

படூரில் ஒரு பல் மருத்துவமனையின் அலமாரியில் இருந்த பிளாஸ்டர் ஈறு, போன ஆடி மாதத்தில், தினமும் காலையில் மீன் ஏலம் விட ஆரம்பித்தது. ஈறு சம்பூர்ணத்துடையது. பட்டிப்புலத்துக் கரையில் அவள்தான் ஏலம் கூறுவாள். மேல்வரிசையில் ஒரு பல்லும் மிஞ்சாமல் போனதும் அவள் சொல்லும் வஞ்சிரம் காற்றாகப் போனது. "பொக்க வாயில ஏலமா? இனிமே நான் கூவறேன்" என்று அவள் இடத்துக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலைந்தான் அதே கரையில் இருந்த கண்ணாயிரம். அதை விட்டுக்கொடுத்துவிட்டுக் கரையில் சும்மா நிற்பதைவிட, பல் கட்டிக்கொள்வது மேல் என்று அவள் கிளம்பினாள்.

டாக்டர் உலகநாதனுக்குச் சுவர் கொள்ளாத சான்றிதழ்கள். சிறுசேரி கம்ப்யூட்டர் பிள்ளைகளின் பல்லைக் கேமராவில் அளவெடுப்பார். குப்பத்து வாய்க்கு அச்செடுக்க இரும்பு ட்ரே. ட்ரேயில் பல அளவு உண்டு. வாயில் வைத்துப் பார்த்து, ஈறுக்கும் ட்ரேக்கும் நடுவே பசைக்குக் கொஞ்சம் இடம் விட்டு, பொருந்துவதை எடுக்க வேண்டும். அந்த மேதை எல்லாருக்கும் பெரியதையே எடுப்பார். மற்றவை கழுவிய நாளிலிருந்து பெட்டியைவிட்டு வெளியே வந்ததில்லை. கடற்பாசிப் பொடியைத் தண்ணீரில் குழைத்து, ட்ரேயில் நிரப்பி, அவள் வாய்க்குள் அழுத்தினார். "மூக்கால மூச்சு விடும்மா. இறுகுற வரைக்கும் பேசக்கூடாது" என்றார்.

பசை பாதி இறுகும்போது மருமகள் பவானியின் போன் வந்தது. "அத்தே, போட்டு வந்துட்ச்சு! வஞ்சிரம் நெறைய கீது. கண்ணாயிரம் தொண்டைய கனைச்சுகினு நிக்கறாரு!" படகு வந்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க எந்த ஏலக்காரிக்கும் தெரியாது. வாய் நிறையப் பசையோடு சம்பூர்ணம் கூவத் தொடங்கினாள். டாக்டர் பதறி ட்ரேயைப் பிடித்து இழுத்தார். பசை வந்தது, அதோடு அவள் குரலும் கழன்று வந்துவிட்டது. அவள் அவரைத் திட்டிய திட்டில் ஒன்றுகூட வெளியே கேட்கவில்லை. அவர் அந்த அச்சில் பிளாஸ்டரை ஊற்றிவிட்டுச் சாப்பிடப் போனார்.

மறுநாள் ஈறு கூவியதும் டாக்டர் பயப்படவில்லை, வீடியோ எடுத்தார். மருத்துவமனையின் பெயரைச் சொல்லச் சொல்லி அதனிடம் கெஞ்சினார். அது இறாலும் சங்கராவும்தான் சொன்னது. பல் வெளுக்க வந்திருந்த கூட்டமும் அதிசயப்படவில்லை. மீனைக் கழுவி வெட்டித் தருவீர்களா என்று ஈறையே கேட்டது. கரையில் கண்ணாயிரம் கூவிய லட்சணத்தில் சங்கரா நெத்திலி விலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

டாக்டரின் வீடியோ கரைக்கும் வந்து சேர, அந்த வாரமே மாமியாரும் மருமகளும் ஈறைக் கேட்டுப் படூருக்குப் போனார்கள். ஆராய்ச்சிக்கு வேண்டும், தர முடியாது என்றார் டாக்டர். பவானி விடவில்லை. "எங்க அத்த வாயி உனக்கு இன்னாத்துக்குய்யா? ட்ரேவ ஒழுங்கா பாத்து வெக்கத் தெரியல, ஆராய்ச்சி பண்றாராம் ஆராய்ச்சி!" காத்திருந்த ஜனம் மொத்தமும் போனைத் தூக்கிப் படம் பிடித்தது. டாக்டர் சின்ன ட்ரேயைக் கழுவி மறுபடி அளவெடுத்தார். அதில் கட்டிய பல் நன்றாகப் பொருந்தியது. குரல் மட்டும் திரும்பவில்லை. சம்பூர்ணம் அலமாரியைத் திறந்து, ஈறை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தாள்.

கரையில் அவள் முடிச்சை அவிழ்த்ததும் அதைப் பார்த்துக் கண்ணாயிரம் இளித்தான். "இன்னா சம்பூர்ணம், கல்லு ஏலம் வுடுமா?" அவன் இளித்து முடிப்பதற்குள் ஈறு கூவியது. பல் இல்லாத ஈறுதான், வஞ்சிரம் வஞ்சிரமாகவே வந்தது. வியாபாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மீனைப் பார்த்தார்கள். "ஏய், நவுருய்யா, மீன மறைக்காத" என்று கண்ணாயிரத்தை ஒருவர் தள்ளிவிட்டார். ஏலம் நடந்தது.

இப்போதும் நடக்கிறது. ஈறு கூவும், யாருக்கு மீன் என்று சம்பூர்ணம் விரலைக் காட்டுவாள். மழை நாளில் பிளாஸ்டர் ஊறிப்போகாமல் பாலிதீன் பையில் போட்டுக் கட்டிவிடுவாள். அன்றைக்குக் குரல் கொஞ்சம் மங்கலாக வரும். வியாபாரிகள் ஓரடி நெருங்கி நிற்பார்கள்.