ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கின் காய்ச்சல்

இதய வால்வில் கிருமி குடியேறிவிட்டது. ஆபரேஷன் செய்து வால்வை மாற்றலாமென்றால், மெக்கானிக்கின் நுரையீரலும் சிறுநீரகமும் அதைத் தாங்காது. ஆகவே ஆறு வாரம் நரம்பு வழியாக மருந்து. பெரிய டாக்டர் இதை ஐந்து நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். பின்னால் பயிற்சி டாக்டர்கள் வரிசையாக நின்றதால் அரை மணி நேரமாயிற்று.

கட்டிலருகே பிளாஸ்டிக் நாற்காலியிலேயே குடித்தனம் நடத்தினாள் மனைவி.

மூன்றாவது வாரம் காய்ச்சல் சட்டென்று நின்றது.

"பாத்தீங்களா? நான் தேர்ந்தெடுத்த மருந்து!" டாக்டர் தனக்குத் தானே மாலை போட்டுக்கொள்ளாத குறை.

"அப்ப மீதி ஊசியை வீட்டுல வெச்சுப் போடலாமே சார்" என்றார் மெக்கானிக்.

"தாராளமா! நாளைக்கே கிளம்புங்க."

மனைவி போர்வையைச் சரிசெய்கிற சாக்கில் அவர் பிடரியைத் தொட்டாள். அடுப்பாகக் கொதித்தது. மேஜைமேல் டம்ளரில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. நர்ஸ் தெர்மாமீட்டரோடு வரும் நேரம் பார்த்துத்தான் இவருக்குத் தொண்டை வறளும்.

"டாக்டர், தெர்மாமீட்டரை வாயில வேணாம், அக்குள்ல வெச்சுப் பாருங்க."

"எதுக்கும்மா?"

"கூலிங் வராத ஃப்ரிட்ஜைத் தள்ளிவிட, தெர்மாமீட்டரை ஐஸ்ல முக்கி கஸ்டமர்கிட்ட காட்டுவார். இப்ப வாயையே ஐஸ் பெட்டி ஆக்கிட்டார்."

மெக்கானிக் மின்விசிறியைப் பழுது பார்ப்பவர்போல் மேலே பார்த்தார். அக்குளில் நூற்றிரண்டு. பயிற்சி டாக்டர்களுக்கு ஒரே நேரத்தில் இருமல் வந்தது. பெரிய டாக்டரைக் குறை சொல்லக்கூடாது. ரத்தத்தை மறுபடி சோதனைக்கு அனுப்பி, மருந்தை மாற்றினார். அதுவும் சொற்பொழிவே இல்லாமல்.

எல்லோரும் போனதும் அவள் கேட்டாள்: "ஏன் இந்தத் திருட்டுத்தனம்?"

"நாற்காலியில உக்காந்தே தூங்கறே. தூக்கத்துல முதுகு வலின்னு முனகறே. கேக்க முடியல."

"ஓ, என் முதுகு வலிக்கு நீங்க செத்துப்போறதுதான் தைலமோ?"

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கண்ணுல என்ன?"

"லீக். பழைய மாடல்ல, வாஷர் போயிடுச்சு."

அவள் சிரித்தாள், அவளுக்கும் லீக்.

புது மருந்தில் சில நாளில் காய்ச்சல் நிஜமாகவே இறங்கியது. இப்போதெல்லாம் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்து, அவர் கையை அவளே அழுத்திப் பிடித்துக்கொள்கிறாள்.

"அதான் பீப் அடிச்சிடுச்சே, விடேன்."

"மெஷின் சரிதான். மெக்கானிக்தான் நம்பற ஆளில்ல" என்றாள், விடாமல்.